வாங்காத வெற்றிலை

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஏசி ஹால், தனியாகச் சாப்பாட்டுக் கூடம், வாசலில் சிமெண்டு யானைகள். முன்பு அது ஓர் அரிசி ஆலை. மண்டபத்துக்கு முன்னால் கார் நிறுத்துகிறார்களே, அந்த இடம்தான் எங்கள் களம். நான் அங்கே நெல் காயவைத்துப் பிழைத்தவள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெயில் படுகிறதாக்கும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

களத்து வேலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, அவித்து, ஆவி அடங்குவதற்குள் களத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைப் பலகையால் தள்ளிப் பரப்பி, காலாலேயே கிண்டிக் கிண்டி உலர்த்துவது பெண்களின் வேலை. மேலே வெயில், கீழே சிமெண்டுத் தரையின் சூடு, நடுவில் அவித்த நெல்லின் சூடு. செருப்புப் போடக் கூடாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. நெல் கிடக்கிற இடத்தில் செருப்போடு நடக்க எங்களுக்கே மனசு வராது. முதலாளி வந்தாலும் கேட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் ஷூவோடு களத்தில் இறங்கிவிட்டார். எங்கள் பெரியக்கா போட்ட சத்தத்தில் மனிதர் வந்த வேலையையே மறந்துவிட்டுத் திரும்பி ஓடினார்.

பெரியக்கா என்பது அவளுடைய பெயர் இல்லை. களத்தில் எல்லாருக்கும் மூத்தவள், வேலைக்கு வந்ததிலும் மூத்தவள், அதனால் பெரியக்கா. யார் எந்தப் பக்கம் கிண்டுவது, எப்போது குவிப்பது, மேகம் திரண்டால் எந்த மூலையிலிருந்து தார்ப்பாய் போடுவது, எல்லாம் அவள் வாய்தான். அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! நான் கல்யாணமாகி வந்த புதிதில் முதல் நாள் களத்தில் இறங்கியபோது, “ஏண்டி, நெல்லு கிண்டுறியா, கோலம் போடுறியா?” என்றாள். எனக்குப் பத்தாவது வரை படித்த திமிர். “உங்களுக்குக் கோலம் போடத் தெரியாதுன்னா சொல்லுங்க, கத்துத் தர்றேன்” என்று திருப்பிக் கொடுத்தேன். களமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. தலைப்பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, பாயிலர் கொட்டகை ஓரத்தில் என் பிள்ளைக்குத் தூளி கட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

இப்போது வெற்றிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று ஆலையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பாயிலருக்கு மாலை போடுவார்கள். பூஜை முடிந்ததும் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆளுக்கு வெற்றிலை பாக்கு, பழம், பொரி, ஒரு வேட்டி. பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். களத்துக்கு மொத்தமாக ஒரு பெரிய தட்டு. வெற்றிலையைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மேலே பாக்கும் மஞ்சளும் வைத்திருக்கும். களத்தில் மூத்தவள் போய் முந்தானையை விரித்து அதை வாங்கி வருவாள். பிறகு எங்களுக்குள் ஆளுக்கு ஒரு பிடி பிரித்துக்கொள்வோம். அந்த வெற்றிலையை வாங்கிவிட்டால் அடுத்த ஆயுத பூஜை வரை களம் நம்முடையது. வேண்டாம் என்று இருக்கிறவள் தன் பங்கை எடுக்க மாட்டாள். மன்னார்குடிக்கு வாக்கப்பட்டுப் போகவிருந்த ஒருத்தி அப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி வந்தாள்.

நாங்கள் வேதக்காரர்கள். சரஸ்வதி பூஜை வெற்றிலையை நீ வாங்கலாமா என்று மாதா கோயிலில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். “சோத்துக்கு வாங்குற வெத்தலைங்க அது, சாமிக்கு இல்ல” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஆண்களின் பெயர் ஆலைப் பதிவில் இருந்தது. எங்கள் பெயர் இல்லை. அத்தனை பெண்கள், அத்தனை வருஷம், ஒருத்தி பேர்கூட ஒரு காகிதத்திலும் கிடையாது. சங்கம் இதை வருஷா வருஷம் கேட்கும். பழைய முதலாளி சிரித்துக்கொண்டே, “வெத்தலை வாங்குற கை இருக்கு, குடுக்கிற கை இருக்கு, நடுவுல பேரு எதுக்கு?” என்பார். அப்போது அது அன்பாகப் பேசியது போலத்தான் எங்களுக்கும் பட்டது. மடச்சிகள்!

பழைய முதலாளி போய், மகன் உட்கார்ந்தபோது காலமும் மாறிக்கொண்டிருந்தது. நாட்டைத் திறந்துவிட்டார்கள், இனி எங்கிருந்து வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் வரும் என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் பக்கம் வர வேண்டியது தண்ணீர், அது வரவில்லை. மேட்டூர் திறக்கிற மாதத்தில் திறக்கவில்லை. குறுவை தரிசாகக் கிடந்தது. வெளி மாநிலத்து அரிசி பளபளவென்று பையில் வந்து கடைகளில் அடுக்கிக்கொண்டது. ஒரு பழுப்பு இல்லை, ஒரு கல் இல்லை. நம் ஊர்க்காரர்களே அதைத்தான் வாங்கினார்கள். பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போக ஆரம்பித்தார்கள். வண்டி வண்டியாக நெல் வந்து நின்ற கேட்டில் காலையில் நாய் படுத்துக் கிடந்தது.

சின்ன முதலாளியைப் பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். சொல்லத் தோன்றுகிறது, ஆனாலும் சொல்ல மாட்டேன். கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது அவருக்கு. டிரையர் வாங்கினால்தான் வெளியூர் அரிசியோடு நிற்க முடியும் என்று ஒரு கேட் மீட்டிங்கில் அவரே வந்து சொன்னார். டிரையர் என்றால் நெல்லைச் சூட்டுக் காற்றில் உலர்த்துகிற மெஷின். மழையும் வேண்டாம் வெயிலும் வேண்டாம் அதற்கு. களமும் வேண்டாம். அவர் பேசப் பேச நாங்கள் எல்லாரும் எங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சங்கத்துக்கு அப்போது செயலாளர் என் வீட்டுக்காரர். மூட்டை தூக்குகிறவர். மைக்கைப் பிடித்தால் ஊரே கேட்கப் பேசுவார். வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட வாய் திறந்து சொல்ல மாட்டார், தட்டை லேசாகத் தள்ளிவைப்பார், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் முதலாளியிடம் போய்ப் பேசினார். டிரையர் வரட்டும், ஆனால் பெண்களை நிறுத்தக் கூடாது, மூட்டை தைக்க, கல் பொறுக்க, உள் வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இப்போதாவது பேரைப் பதிவில் ஏற்றுங்கள் என்று கேட்டார். “பேரே இல்லாதவங்கள நான் எப்படி நிறுத்துறது, எப்படி மாத்துறது?” என்றாராம் முதலாளி. என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வருஷா வருஷம் வெத்தலை குடுக்கிறீங்களே, அது என்னங்க? இந்த வருஷமும் குடுப்பீங்க, அவங்களும் வாங்குவாங்க. அத வச்சே தொழிலாளர் ஆபீஸ்ல நிரூபிச்சுக் காட்றோம்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நல்ல யோசனைதான். முதலாளியிடம் சொன்னார். சங்கத்து ஆண்களிடம் சொன்னார். வக்கீலிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பிட்டுவிட்டு, தட்டைக்கூடத் தள்ளாமல் எழுந்து போனார். அன்றைக்கு அவருக்கு மனசு நிறைந்திருந்தது என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

அந்த ஆவணியில் பெரியக்காவின் புருஷன் இறந்துபோனார். அதே ஆலையில் பாயிலருக்கு உமி தள்ளியவர். நெஞ்சில் உமித்தூசி அடைத்து, இருமி இருமியே போனார். காரியம் முடிந்த வாரமே பெரியக்கா களத்துக்கு வந்துவிட்டாள். நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை, வாயும் இல்லை. அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. மேகம் கறுத்தால்கூடக் கையை மட்டும் நீட்டி மூலையைக் காட்டினாள். அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே நான் வேண்டுமென்று நெல்லைத் திட்டுத்திட்டாகக் கிண்டிவைத்தேன். அவள் வந்து பேசாமல் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. நெல் குறைந்த வருஷம் என்றாலும் பாயிலருக்கு மாலை போட்டார்கள். ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் போய் வாங்கிக்கொண்டார். பிறகு முதலாளி, “களத்துத் தட்டு” என்றார். மேனேஜர் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

பெரியக்கா எங்களுக்குப் பின்னால் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். புருஷன் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மஞ்சள் வைத்த தட்டை அவள் தொட மாட்டாள், தொட்டால் மற்றவர்களுக்கு ஆகாது என்று அவளுக்கு நினைப்பு. என்னைப் பின்னாலிருந்து தள்ளினாள்.

“நீ போயி வாங்குடி. நீ வேதக்காரி, உனக்குத் தீட்டு ஒண்ணும் கெடையாது.”

“எனக்கு இல்லாதது உங்களுக்கு மட்டும் என்னக்கா? நீங்க போங்க.”

“அடியே, நேரமாவுது. போடி.”

“உங்க கை வாங்காத தட்ட என் கை வாங்காது” என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெரியக்கா எனக்கு அடுத்தவளைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு அடுத்தவளும் நகரவில்லை. நாங்கள் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவளைத் தாண்டிக்கொண்டு போய் அந்தத் தட்டைத் தொட ஒருத்திக்கும் கால் வரவில்லை. துக்க வீட்டில் தலை குனிந்து நிற்பது போல நின்றோம். இந்த வருஷம் எங்களுக்குத் தட்டு வேண்டாம், அக்காவோடு நாங்களும் துக்கம் காக்கிறோம், அவ்வளவுதான் எங்கள் மனசில் இருந்தது. வேலையைப் பற்றி ஒருத்தியும் நினைக்கவில்லை. அந்தத் தருணத்தில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். “சரி” என்றார். மேனேஜர் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் அப்போது பொரி மூட்டையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது மேஜை காலியாக இருந்தது. அவர் முகம் வெளுத்ததைக் கண்டேன். வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

விஜயதசமியன்று காலையில் போனோம். கேட்டில் வாட்ச்மேன் வழியை மறித்து நின்றார். எங்களோடு டீ குடிக்கிற மனிதர், எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கேட்டுக் கம்பியைப் பார்த்துப் பேசினார். “நீங்க யாரும் வெத்தலை வாங்கலியாம். ஆம்பளைங்கள மட்டும் விடச் சொன்னாங்க.”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். உள்ளே ஆபீஸ் ஜன்னல் சாத்திக்கொண்டது. பெரியக்கா சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சில நாள் அவர்களும் மூட்டையைத் தொடாமல் எங்களோடு கேட்டில் உட்கார்ந்தார்கள். கொடி கட்டி, கோஷம் போட்டோம். அந்த நேரம் பார்த்து கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வந்த நெல் லாரி, கேட்டில் கூட்டத்தைக் கண்டு திரும்பி வேறு ஆலைக்குப் போயிற்று. அதற்கு மறுநாள் பேச்சு மாறிவிட்டது. “இருக்கிற நெல்லும் போயிடும் போலருக்கே” என்றார் ஒருவர். “தட்டு வச்சாரு, இவளுங்கதானே எடுக்கல” என்றார் இன்னொருவர். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவரை நான் விட்டுவைக்கவில்லை.

தொழிலாளர் ஆபீஸுக்கு ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர். எங்களுக்குப் பெஞ்சு கொண்டுவந்து போடச் சொன்னார். முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார். பெண்கள் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வெற்றிலை வழக்கத்தைச் சொன்னார். முன்பே முதலாளியிடம் பேசியதையும் சொன்னார். எனக்கு அந்த விஷயம் அப்போதுதான் காதில் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி மெதுவாகத்தான் பேசினார். “வழக்கம் இல்லேன்னு நான் சொல்லலீங்க சார். வாங்கினா வேலை, வாங்கலேன்னா இல்ல. அதுதான் வழக்கம். இந்த வருஷமும் தட்டு வச்சேன். எல்லாருக்கும் முன்னாடிதான் வச்சேன். ஒருத்தரும் எடுக்கல. இவரும் அங்கதான் இருந்தாரு.”

“உண்மைதானா?” என்று அதிகாரி என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

மைக்கில் அத்தனை பேசுகிறவர், “ஆமாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். “அக்காவுக்குப் புருஷன் செத்த துக்கம் சார். அவங்க வாங்காம நாங்க எப்படி வாங்குறது? அதுக்காகத்தான் நின்னோம். வேலை வேணாம்னு யாரு சொன்னா?”

“அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் முதலாளி.

“நீங்க கேக்கலியே!”

“நீங்களும் சொல்லலியே.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அப்போதுதான் பெரியக்கா எழுந்தாள். புருஷன் போனதிலிருந்து அதிகம் வாய் திறக்காதவள், நேரே முதலாளியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

“தம்பி, நான் வாங்கிக்கிறேன். எந்தத் தீட்டா இருந்தாலும் என்னோட போவட்டும். இப்ப குடுங்க. எனக்குக்கூட வேணாம், இதுங்களுக்காகக் குடுங்க.”

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆலைக்கு வந்தால் அவள் இடுப்பில்தான் உட்கார்ந்திருப்பாராம். அவருக்கும் கண் கலங்கியது, நான் பார்த்தேன். கலங்கி என்ன செய்ய? மேஜையைப் பார்த்துக்கொண்டு, “உக்காருங்கக்கா. இங்க ஏது வெத்தலை?” என்றார்.

ஆபீஸுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வாசலில் வெற்றிலையை ஈரத்துணி போட்டு அடுக்கியிருந்தான். ஓடிப்போய் வாங்கிவந்து அவர் கையில் திணித்து, ‘இந்தாங்க, குடுங்க’ என்று சொல்ல நான் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“டிரையருக்கு ஆர்டர் குடுத்தாச்சுக்கா” என்றார் முதலாளி. அந்த அறையில் அன்றைக்குச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். தட்டை எடுத்திருந்தால் அவர் வேறு வழி தேடியிருக்க வேண்டும். நாங்களே அவருக்கு வழி விட்டுக் கொடுத்திருந்தோம்.

பெரியக்கா அப்படியே நின்றாள். அதிகாரி, “உட்காருங்கம்மா” என்று இரண்டு முறை சொன்ன பிறகு, வெறும் முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஒப்பந்தம் ஆயிற்று. ஆண்களுக்கு வேலை உண்டு. களம் மூடப்படும். பெண்களுக்குக் கருணையின் பேரில் ஏதோ ஒரு தொகை. சங்கத்தின் சார்பில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பாதியாவது மிஞ்சட்டும் என்று போட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சங்கத்து விஷயம்டி.”

“நான் சங்கத்துல இல்லியா? மாசாமாசம் சந்தா குடுத்தது யாரு, உங்க ஆத்தாவா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?” என்று கேட்டார்.

அதற்கு எனக்கு அன்றைக்கும் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. உன் வீம்பால்தான் எல்லாருக்கும் போயிற்று என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். நான் வருத்தப்படுகிறேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன். தாலி இழந்து சுவரோரம் நிற்கிறவளைத் தாண்டிக்கொண்டு போய் மஞ்சள் தட்டு வாங்குகிற மனசை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியக்காதான் தாங்க மாட்டாமல் போனாள். பார்க்கிற இடத்திலெல்லாம், “எல்லாம் என்னாலடி. நான் அன்னிக்கு வீட்டுலயே கெடந்திருக்கணும். வந்து நின்னேன் பாரு” என்பாள். நான் கத்துவேன், அவள் கேட்டுக்கொண்டு இருப்பாள். அடுத்த தடவை பார்க்கும்போது அதையே மறுபடி சொல்வாள்.

டிரையர் வந்தது. அதற்கும் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். ஒரு சம்பாவுக்கு ஓடியது. அடுத்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, நெல்லே இல்லை, டிரையருக்கு என்ன வேலை? பாங்குக்காரர்கள் வந்து கேட்டைப் பூட்டினார்கள். பதிவில் பேர் இருந்த ஆண்களும் எங்களோடு தெருவில் நின்றார்கள். பாதியாவது மிஞ்சட்டும் என்றாரே, அந்தப் பாதியும் போயிற்று. என் வீட்டுக்காரர் துபாய் போய் அங்கே ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போனேன். அங்கே படிக்கக் கிடைத்த புத்தகங்கள்தான் என்னை எழுத வைத்தன. களத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ரயில் ஏறினார்கள். பெரியக்காவை அவள் மகன் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போனான். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற வேலை. “காலுக்கு ஒண்ணும் வேலை இல்லடி இங்க, மரத்துப்போவுது” என்று ஒரு தடவை போனில் சொன்னாள்.

ஆலை கைமாறிக் கைமாறிக் கடைசியில் மண்டபம் ஆயிற்று. மூட்டை தூக்கிய கூட்டத்தில் ஒருவர் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்து, தன் மகள் கல்யாணத்தை அங்கேயே வைத்தார். தெரிந்துதான் அந்த இடத்தை எடுத்தாராம். பழைய ஆட்கள் எல்லாரையும் தேடிப் பத்திரிகை வைத்திருந்தார். நான் போக வேண்டாம் என்றிருந்தேன். பெரியக்கா திருப்பூரிலிருந்து வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் போனேன்.

மகன் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து கேட்டில் இறக்கினான். பாதி ஆளாகியிருந்தாள். ஒரு கண்ணில் புரை. என்னைத் தொட்டுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகத் திரும்பினேன், அவள் கேட்டிலேயே நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க்கா, போட்டுக்கிட்டு வாங்க. வெயில் கொளுத்துது, கால் பொத்துப்போயிடும்.”

“களத்துலயா?” என்றாள்.

கார்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்து வந்தாள். கூடத்தில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். துபாயிலிருந்து முதுகு வளைந்து திரும்பிவிட்டிருந்த என் வீட்டுக்காரரும் வந்து, “வாங்க பெரியக்கா” என்றார். அவள் அவர் கன்னத்தைத் தடவினாள். சாப்பிட்டோம். நல்ல சாப்பாடு. சோறு பூப்போல இருந்தது, எந்த ஊர் அரிசியோ.

கிளம்பும்போது வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவர் யாரென்று பார்க்கவில்லை, பூ வைத்தவளா வைக்காதவளா என்று பார்க்கவில்லை, கையில் செல்போனைப் பார்த்தபடி ஆளுக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியக்காவுக்கும் நீட்டினாள். பெரியக்கா கையை நீட்டவில்லை, முந்தானையை விரித்தாள். அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டு, பையை அதில் போட்டாள்.

பெரியக்கா பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். வெற்றிலையை வெளியே எடுத்து, விரலால் காம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இந்தக் களத்துல வெத்தலை வாங்கிட்டேன்டி. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுவாங்களா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய வாய்தான், பழைய சிரிப்புதான். பிறகு சிரிப்பு நின்றது. நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விளையாட்டுக்குக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்க வேண்டும், பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று விடுவிடுவென்று சாலைக்குப் போய்விட்டார்.

“சொல்லுவாங்க. வாங்க, மொதல்ல செருப்பப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

“கேட்டத் தாண்டட்டும்” என்றாள்.

வெற்றிலையை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தரை சுட்டது.